அளவுக் கொப்பியில் ஒரு நூலகம்: கல்லடித் தையல்காரர் ஒருவரின் வாசிப்பு

இளைய மகளின் கலியாணம் நிச்சயமான பிறகுதான் அந்தப் புத்தகங்கள் ஒரு பிரச்சினையாகின. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குப் போகும். தையல்காரரான பெரியவர் முதல் வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதே வளவில் இரண்டாவதைக் கட்டினார். அதை நடு மகளுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு சின்ன வீடு கட்டினார். இப்போது அதுவும் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போகிற அந்த வீட்டின் முன்னறையில் நிலத்திலிருந்து கைமரம் வரை புத்தகம்.

“சேர், அப்பாட புத்தகங்களை ஒருக்கா வந்து பாருங்க. எது வேணும், எது வேணாம் எண்டு சொல்லுங்க” என்று நடு மகள் கேட்டது 2019 ஆவணியில். நான் ஒரு பாடசாலையில் நூலகப் பொறுப்பாசிரியர். இரண்டு கிழமை வேலை என்று நினைத்துப் போனேன். நான்கு வருடம் பிடித்தது. அந்த நான்கு வருடத்தில் கண்டதையும், இடையில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்பது பெரியவரின் கட்டளை. “தையல்காரன் எண்டு போடு மனே, காணும்.”

கடைக்குள் வந்த எழுத்து

அவர் 1946இல் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவர். 1957 டிசம்பர் வெள்ளம் வயலைக் கொண்டுபோனது. அதோடு பள்ளிக்கூடமும் போனது. ஆறாம் வகுப்பு முடியவில்லை. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் ஒரு தையல்கடையில் பொத்தான் துளை தைக்க விட்டார்கள். மெசினில் இருப்பவர்கள் தையலிலிருந்து கண் எடுக்க ஏலாது. ஆனால் எல்லோருக்கும் பேப்பர் விஷயம் தெரியவேண்டும். ஆகவே கையில் வேலை குறைந்த பொடியன் காலையில் ஒரு மணித்தியாலம் சத்தம் போட்டு வாசிக்கவேண்டும் என்பது கடை வழக்கம். தெரியாத சொல் வந்தால் அவர் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவாராம். ஒருநாள் மூத்த தையல்காரர் ஒருவர் மெசினை நிறுத்தினார். “முழுங்காம வாசி. முழுங்கினதை இதில எழுது” என்று பழைய அளவுக் கொப்பி ஒன்றைத் தூக்கிப் போட்டார். அவருடைய கல்வி அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் தொடங்கியது.

அளவுக் கொப்பி தெரியாதவர்களுக்கு ஒரு சொல். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு வரி: ஆள், திகதி, நெஞ்சு, இடுப்பு, நீளம், கொடுக்கவேண்டிய நாள், கூலி. வரியின் ஓரத்தில் அந்தத் துணியில் வெட்டிய ஒரு சின்னத் துண்டு குண்டூசியால் குத்தியிருக்கும். பிறகு எந்த உடுப்பு யாருடையது என்று துணியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

1971இல் சொந்தக் கடை வைத்தார். அதற்கு முன்பே கல்லடியில் பெண் எடுத்து, வழமைப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்திருந்தார். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் தினம் இரண்டு முறை சைக்கிள். பள்ளிக்கூடச் சீருடைதான் பிழைப்பு. பகலில் தையல், இரவு ஒன்பதுக்குப் பிறகு வாசிப்பு. படுத்துக்கொண்டு வாசிப்பதில்லை, வெட்டு மேசையில் நின்றபடி அல்லது ஸ்டூலில் இருந்து.

புத்தகம் வந்த வழிகள் நாட்டின் நிலைமையோடு மாறின. 1970களின் தொடக்கத்தில் இந்திய வார இதழ்களின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியது. வாசகர்கள் புலம்பினார்கள், ஆனால் அதே வருடங்களில்தான் வீரகேசரிப் பிரசுரமாக மலிவு விலை நாவல்கள் வரிசையாக வந்தன, யாழ்ப்பாணத்தில் 1966 ஆகஸ்டில் தொடங்கிய மல்லிகை என்ற இலக்கிய இதழ் தபாலில் வந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களும் வந்தன: தடித்த அட்டை, நல்ல தையல், நம்பமுடியாத விலை. நூலும் பொத்தானும் வாங்க இரவு றெயிலில் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போனால், திரும்பும்போது மருதானைத் தெருவோரத்துப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டுத்தான் வருவார். மனைவி சொன்னது: “பொத்தான் ஒரு பை, புத்தகம் மூண்டு பை.”

ஆர் அனுப்பினது

நான் முதல் நாள் பார்த்தது அட்டை பிய்ந்த, துணி ஒட்டிய, ஒரு ஒழுங்கும் இல்லாத குவியல். எழுத்தாளர் வரிசை இல்லை, பொருள் வரிசை இல்லை. சங்கப் பாட்டுக்குப் பக்கத்தில் மீன் வளர்ப்புக் கையேடு. ‘பாவம், சேர்க்கத் தெரிந்தவருக்கு அடுக்கத் தெரியவில்லை’ என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் பிறகு கூலி கட்டினேன்.

அடுக்கு இருந்தது, அலுமாரியில் இல்லை, கொப்பியில் இருந்தது. பதினொரு அளவுக் கொப்பிகள். புத்தகத்துக்கும் உடுப்பைப் போலவே ஒரு வரி. திகதி, வாங்கிய இடம், விலை. ‘கொடுத்தது’, ‘வந்தது’ என்று இரவல் கணக்கு. ஓரத்தில் ஒரு துணித் துண்டு, குண்டூசியோடு. வாங்கிய புத்தகம் ஒவ்வொன்றையும் அவர் கடையில் மிஞ்சிய துணியால் கட்டினார். அந்தத் துணியின் துண்டுதான் கொப்பியில் இருந்தது. வெள்ளை டிறில் சீருடைத் துணி, காக்கி, மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கட்டம், யாரோ ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைச் சிவப்பு. துணிக்கும் தட்டுப்பாடு வந்த எழுபதுகளின் நடுப்பகுதியில் கட்டியவை கோதுமை மாப் பை. கொப்பியில் துண்டைப் பார்த்து, அலுமாரியில் அதே துணியைத் தேடி, புத்தகத்தை எடுத்துவிடுவார். எங்கள் பாடசாலைக் கணினி அதைவிட வேகம் என்று நான் சொல்லமாட்டேன்.

விலைப் பத்தியில் ரூபா இல்லை. ‘½ கா’, ‘1 கா’, ‘2 கா’ என்றிருந்தது. ‘கா’ என்றால் ஒரு காற்சட்டை தைக்கிற கூலி. ரூபா மாறிக்கொண்டே இருக்கும், காற்சட்டை மாறாது என்பது அவர் வாதம். மாஸ்கோப் புத்தகங்கள் பெரும்பாலும் ‘½ கா’. 2022இல் ரூபா சரிந்த பிறகு நான் சென்னையிலிருந்து வந்த ஒரு நாவலைக் கொண்டுபோய்க் காட்டினேன். விலையைப் பார்த்து விரலில் எண்ணினார். “இது மூண்டு காற்சட்டை, மனே. மூண்டு காற்சட்டைக்கு இது தைச்சிருக்கிற தையலைப் பார்.” ஒட்டியிருந்தார்கள், தைக்கவே இல்லை.

கொப்பியில் எனக்கு மிகப் பிந்தி விளங்கிய பத்தி ‘அனுப்பினது’. அதற்குக் கீழே ஆட்களின் பெயர் இருக்கும் என்று எண்ணினேன். பெரும்பாலும் புத்தகங்களின் பெயர்கள் இருந்தன. ஒரு புத்தகம் வாசிக்கும்போது அதில் எது அவரை நிறுத்தியதோ, அதை விளங்கிக்கொள்ள எதை வாங்கினாரோ, அந்த இரண்டையும் தொடுத்து எழுதியிருந்தார். தனக்குப் பாடத்திட்டம் போட யாரும் இல்லாதவர், ஒரு புத்தகத்தைக் கொண்டே அடுத்ததற்கு வழி கேட்டிருக்கிறார்.

ஒரு தொடரை மட்டும் விரித்துச் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்தது. முதல் வரியில் புத்தகமே இல்லை: ‘வழக்குரை – காதால்’. வைகாசியில் எங்கள் பகுதிக் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு வரை கண்ணகி கதையான வழக்குரையைப் பாடுவார்கள். சின்ன வயதில் தாயின் மடியில் இருந்து கேட்டது. அடுத்த வரி சிலப்பதிகாரம், அனுப்பினது வழக்குரை. அதற்கடுத்து விபுலாநந்த அடிகளின் யாழ் நூல், அனுப்பினது ‘சிலம்பு’. 1892இல் காரைதீவில் பிறந்த அடிகள், சிலம்பின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளிலிருந்து தொடங்கி விரித்த நூல் அது. 1947இல் அரங்கேறியது, அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவருடைய சமாதி கல்லடியில் சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிறது. தையல்காரர் தினமும் கடக்கிற வழி. ‘வாசலில் இருக்கிறவர் எழுதினதை வாசிக்காமல் எப்படி?’ என்று வாங்கியிருக்கிறார். வாங்கியபின் ஒன்றும் விளங்கவில்லை. அந்த நூல் பாதிக்குப் பாதி கணிதம்.

அடுத்த வரி: ‘ஒன்பதாம் வகுப்புக் கணிதம். அனுப்பினது – யாழ் நூல். ¼ கா.’

பின்னம் விளங்கினாலும் சுரம் காதுக்கு வரவேண்டுமே. வெட்டு மேசையில் இரண்டு ஆணி அடித்து, அறுபது அங்குலத்துக்குத் தங்கூசி (மீன்பிடி நைலோன் இழை) கட்டி, அதன் கீழே அளவு நாடாவை விரித்தார். நாடாவும் அறுபது அங்குலம்தான். முழு நீளத்தையும் மீட்டினால் அது குரல், முதற்சுரம். நாற்பதில் ஒரு நூற்கட்டையை வைத்து அந்த நாற்பதை மீட்டினால் இளி, ஐந்தாம் சுரம். முப்பதில் வைத்தால் மறுபடி அதே குரல், ஒரு தானம் (ஸ்தாயி) மேலே. மூன்றில் இரண்டு, இரண்டில் ஒன்று. எழுபத்தைந்து வயதில் எனக்கு மறுபடி கட்டிக் காட்டினார். என் காதுக்கே கேட்டது. சங்கீதம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். தங்கூசி யாழ் நரம்பல்ல. ஆனால் நூலின் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘60 – 40 – 30’ என்று இருப்பதை நான் தொட்டுப் பார்த்தேன்.

இன்னொரு பழக்கம். விளங்காத வரியைத் தையல் சோக்கால் கோடிடுவார். சோக் தட்டினால் போய்விடும். விளங்கிய நாளில் துணித் துண்டால் துடைத்துவிடுவார். ஆகவே அவருடைய புத்தகத்தில் கோடு இருந்தால் அந்த வரி இன்னும் விளங்கவில்லை என்று கொள்ளவேண்டும். “வெளங்கினதுக்கு ஏன் மனே அடையாளம்?”

மூன்று தண்ணீர்

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரை ஓடுகளைக் கொண்டுபோனது. மழைத் தண்ணீர், உப்பில்லாதது. விடிந்தபின் கரி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, தாளுக்கு மேலே பழந்துணியைப் போட்டு, ஒவ்வொரு ஒற்றையாக இழுத்தார். சாதாரணத் தாள் நெளிந்தாலும் பிழைத்தது. படங்கள் அச்சான வழுவழுப்புத் தாள் பிழைக்கவில்லை. அதன் மேற்பூச்சு நனைந்தால் பசையாகி, காய்ந்தால் பக்கங்கள் செங்கல்லாகிவிடும். அப்படி இரண்டு செங்கல்லை இன்றும் வைத்திருக்கிறார், கதவுக்கு முட்டாக.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது தண்ணீர் வரவில்லை, பயம் வந்தது. எந்தப் புத்தகத்துக்கு எவர் என்ன அர்த்தம் கொள்வார் என்று தெரியாத காலம். ஊரில் பலர் எரித்தார்கள், கிணற்றில் போட்டார்கள். இவர் தலையணை தைத்தார். இலவம் பஞ்சுக்கு நடுவே ஒவ்வொன்றிலும் இரண்டு மெல்லிய புத்தகம். வீட்டில் எல்லோருக்கும் கழுத்து வலி. அந்த வருடம் கொப்பியில் நான்கு மாதத்துக்கு வரி இல்லை.

2004 டிசம்பர் 26 வேறு. அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு கடல். குடும்பம் தப்பியது, அவருடைய தங்கை குடும்பத்தில் தப்பவில்லை, அதைப்பற்றி அவர் பேசமாட்டார். புத்தகங்களில் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்தது. கடல் தண்ணீரில் நனைந்த புத்தகத்தை முதலில் நல்ல தண்ணீரில் அலசவேண்டும், இரண்டு நாளுக்குள் உலர்த்த வழியில்லாவிட்டால் உறைய வைக்கவேண்டும் என்று பேணல் கைநூல்கள் சொல்லும். கிணறெல்லாம் உப்பாகிப் போய், பவுசரில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊரில் யார் புத்தகம் அலசுவது? அப்படியே காயவைத்தார். இன்று அந்தப் புத்தகங்களை எடுத்தால் தாளின் ஓரம் கையில் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே தண்ணீர் உறிஞ்சும்; வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் அது அன்றாடம். சுனாமி ஒருமுறை வந்தது. அந்தத் தட்டுப் புத்தகங்கள் ஒவ்வொரு மாரியிலும் மறுபடி நனைகின்றன.

கறையானையும் இராமபாணப் பூச்சியையும் அவர் வேறு விதமாகச் சமாளித்தார்: கோதுமை மாப் பசையில் துருசு கலந்து அட்டை ஒட்டினார். பூச்சி அண்டவில்லை. ஆனால் செப்பு உப்பு மெல்ல மெல்லத் தாளின் நாரை அரிக்கும். முதுகுப் பக்கத்துத் தாள் பழுத்து ஒடிகிறது. நான் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். “பூச்சி திண்டிருந்தா அம்பது வருசம் வந்திருக்குமா?” பதில் என்னிடம் இல்லை.

என் பிழை

இப்போது 2019க்குத் திரும்புகிறேன். கொப்பியின் பொருள் விளங்குமுன்பே நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். எங்கள் பாடசாலை நூலகங்கள் எல்லாம் தூயி தசமப் பகுப்பு, பொருளுக்கு ஓர் எண் போட்டு அடுக்குகிற முறை. கை பழகிய வழி அது. அமர்ந்து எண் போட்டேன். பாதிக்கு மேல் 894.811இல் விழுந்தன, அதாவது தமிழ் இலக்கியம். சிலம்பு அங்கே. யாழ் நூல் 780களில், இசை. ஒன்பதாம் வகுப்புக் கணிதம் 510இல். வழக்குரை காதால் கேட்டது, எண்ணே இல்லை. ஐம்பது வருடம் ஒன்றோடொன்று கைகோத்து நின்றவற்றை மூன்று அறைக்குப் பிரித்து அனுப்பினேன். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தைப் ‘பழைய பாடநூல், தேவையில்லை’ என்று கழித்துவிட்ட பெட்டியில் போட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கழித்ததோடு நிற்கவில்லை. இரட்டைப் பிரதிகள், ‘பொது வாசகருக்குப் பயன்படும்’ என்று நான் தெரிந்த நாவல்கள், எல்லாமாக முந்நூறு வரையில் ஒரு நூலகத்துக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். நல்ல மனத்தோடு வாங்கினார்கள். பிறகு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்: துணி உறையைக் கழற்றினார்கள், பிளாஸ்டிக் போட்டார்கள், முத்திரை குத்தினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பெரியவர் ஒரு புத்தகம் பார்க்கவேண்டும் என்றார். சிவப்பு ரவிக்கைத் துணித் துண்டைக் காட்டினார். அந்தத் துணி உலகத்தில் இல்லை. புத்தகம் எங்கோ ஒரு தட்டில் இருந்திருக்கும். அந்த வரிக்கும் அதற்கும் இனித் தொடர்பில்லை. அவர் கோபிக்கவில்லை. கொப்பியில் அந்த வரிக்கு எதிரே ‘கொடுத்தது’ பத்தியில் என் பெயரை எழுதினார். ‘வந்தது’ பத்தியை வெறுமையாக விட்டார். முந்நூறு வரிக்கும் அப்படியே எழுதினார், இரண்டு நாள் இருந்து.

அதற்குப் பிறகுதான் நான் கொப்பியை உட்கார்ந்து வாசித்தேன்.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு தொழில் சார்ந்தது, சிறியது. தானாகப் படித்தவர் ஒருவரின் சேகரத்தைப் பொறுப்பேற்கும்போது முதலில் எடுக்கவேண்டியது புத்தகமல்ல, அவர் வைத்த கணக்கு. புத்தகங்களில் பலவற்றுக்கு வேறு பிரதி உண்டு; இலங்கைத் தமிழ் வெளியீடுகளில் ஏராளம் 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் எண்ணிமமாகவே கிடைக்கின்றன. இந்தப் பதினொரு கொப்பிக்கு வேறு பிரதி இல்லை. அது பட்டியல் என்று நினைத்தேன். ஒரு மனிதனுக்கு எது எப்போது விளங்கியது என்பதன் பதிவு அது. சக ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை: பொதுமக்களுக்குப் பயன்படாத ஒழுங்கை ஏன் காப்பாற்ற வேண்டும், அடுத்த வாசகனுக்குத் தேவை எண்தானே என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. என் மாணவி ஒருத்தி இந்தத் தொடர்களில் ஒன்றைப் பிடித்து நான்கு புத்தகம் வாசித்தாள், ஐந்தாவதில் விட்டுவிட்டாள். அதை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

செய்தவற்றைச் சுருக்கமாக: கொப்பிகளைப் பக்கம் பக்கமாக, துணித் துண்டோடு, பகல் வெளிச்சத்தில் படம் பிடித்தோம். குண்டூசி துருவேறித் தாளைத் தின்றதால் அவற்றை எடுத்துவிட்டுத் துண்டுகளை அவரே நூலால் தைத்துக் கொடுத்தார். எக்செல்லில் ‘அனுப்பினது’ பத்தியை அப்படியே வைத்தோம். தூயி எண் கடைசிப் பத்தியில். உப்புப் பட்டவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோடும் மூத்த மகள் வீட்டு மேல்மாடிக்கு மாற்றினோம். மிச்சம் மூன்று வீட்டுக்கும் பிரிந்தது, ஆனால் தொடர் தொடராக. சிலம்புத் தொடர் நடு மகளிடம். கழித்த பெட்டியிலிருந்து கணிதப் புத்தகத்தை நான் மீட்டது அதிர்ஷ்டம். பழைய பேப்பர்காரர் அந்தக் கிழமை வரவில்லை. இளைய மகளின் முன்னறையில் இப்போது கதிரையும் தொலைக்காட்சியும். மாப்பிள்ளை ஓர் அலுமாரியை விடச்சொல்லிக் கேட்டு வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு வரி எந்தப் பத்திக்குள்ளும் அடங்கவில்லை. மருதமுனையிலிருந்து சாரத் துணி கொண்டுவரும் கைத்தறி வியாபாரி ஒருவர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாதம் ஒருமுறை கடைக்கு வருவார். துணியோடு புத்தகமும் மாறும். அவர் கொடுத்ததுதான் சீறாப்புராணம், பழைய பதிப்பு. கொப்பியில் அதற்கு விலை இல்லை. ‘இரவல் – 1990 சித்திரை’ என்றிருக்கிறது. ஆனிக்குப் பிறகு அந்தப் பாதையில் யாரும் வரவில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அவர் ஒருமுறை வந்தார், இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது ‘அடுத்தமுறை’ என்றார். சுனாமிக்குப் பிறகு தகவல் இல்லை. புத்தகம் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. அவர் கொண்டுவந்த சாரத் துணியில்தான் அட்டை.

எக்செல்லில் ‘உரிமையாளர்’ என்ற பத்தியில் நான் பெரியவரின் பெயரை அடித்தேன். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திரையைத் தொட்டு, “அது எண்ட இல்ல, மனே” என்றார். அழித்தேன். வியாபாரியின் ஊரை மட்டும் எழுதச் சொன்னார், எழுதினேன்.